படகு ஏறும் முன்னே

நசரத்பேட்டையில் நமக்கு ஒரு நண்பர் இருக்கிறார். முப்பத்து நான்கு வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். செலவு விஷயத்தில் மகா கண்டிப்பான மனிதர். பூந்தமல்லிச் சந்தையில் கத்தரிக்காய்க்கு இரண்டு ரூபாய் குறைக்க அரை மணி நேரம் வாதாடக் கூடியவர். அப்பேர்ப்பட்டவர் சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் பளபளவென்று மின்னும் ஒரு வர்ணப் புத்தகத்தைக் கையில் ஏந்திக்கொண்டு நம் வீட்டுக்குள் பிரவேசித்தார்.

"ரைன் நதியில் ஒரு வாரம் படகில் போகலாமென்று உத்தேசம். எப்படிப் போவது, எப்பொழுது போவது, எதில் ஏமாறாமல் இருப்பது என்று நீர்தான் யோசனை சொல்ல வேண்டும்" என்றார்.

நமக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. அவருடைய மனைவி காவிரிக் கரையில் பிறந்து வளர்ந்தவர். கலியாணமான புதிதில், "என்றைக்காவது ஒரு நாள் உன்னைப் பெரிய நதியில் படகில் அழைத்துப் போகிறேன்" என்று நண்பர் வாக்குக் கொடுத்திருக்கிறார். பிறகு பிள்ளைகளின் படிப்பு வந்தது. பெண்ணின் கலியாணம் வந்தது. வீட்டுக் கடன் வந்தது. வாக்கு மட்டும் அப்படியே நின்றுவிட்டது. இப்பொழுது அந்த அம்மாளுக்கு முழங்கால் வலி ஆரம்பித்துவிட்டது. "இனிமேலும் தள்ளிப் போட்டால் போகவே முடியாது" என்றார் நண்பர். பணம் ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்தது. இன்னொரு தடவை சேராது. ஆகவே தவறு செய்ய இடமில்லை.

இவரைப் போல ஆசை கொண்ட குடும்பங்கள் நம் நேயர்களிலும் பல இருக்கக்கூடும். அவர்களுக்கும் பயன்படட்டும் என்றே நாம் சொன்ன யோசனைகளை இங்கே எழுதுகிறோம்.

முதலில் எந்த நதி என்பதை நிச்சயம் செய்ய வேண்டும். படத்தில் எல்லா நதியும் அழகாகத்தான் இருக்கும். கோயில்களில் மனம் லயிப்பவர்களுக்கு எகிப்து தேசத்து நைல் நதி ஏற்றது. லக்ஸரிலிருந்து அஸ்வான் வரையில் சுமார் 200 கிலோமீட்டர் தூரத்தை மூன்று நான்கு இரவுகளில் கடக்கிறார்கள். வழியில் எட்பூ, கோம் ஓம்போ முதலிய புராதன ஆலயங்களைத் தரிசிக்கலாம். அக்டோபர் முதல் ஏப்ரல் வரையில் போவதே உத்தமம். மற்ற மாதங்களில் அங்கே அடிக்கும் வெயிலைப் பார்த்தால் நம் ஊர்க் கத்திரி வெயில் சாதுவாகத் தோன்றும்.

பல தேசங்களை ஒரே மூச்சில் பார்க்க விரும்புவோருக்கு டான்யூப் நதி. 2,850 கிலோமீட்டர் ஓடும் இந்நதி பத்துத் தேசங்களைத் தொட்டுச் செல்கிறது. ஜெர்மனியின் பாஸாவிலிருந்து புறப்பட்டு, வியன்னா, பிராட்டிஸ்லாவா ஆகிய தலைநகரங்களைக் கண்டு, புடாபெஸ்டில் இறங்குவது சாதாரண வழக்கம்.

நம் நண்பர் தேர்ந்தெடுத்த ரைன் நதியோ சுவிட்ஸர்லாந்து மலைகளில் உற்பத்தியாகி, சுமார் 1,230 கிலோமீட்டர் ஓடி, நெதர்லாந்தில் கடலோடு கலக்கிறது. ஆம்ஸ்டர்டாமுக்கும் பாசலுக்கும் இடையே ஏழு இரவுப் பிரயாணம். கொலோன் நகரின் மாதா கோயில், ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்துப் பழைய வீதிகள், பிங்கெனுக்கும் கோப்லென்ஸுக்கும் இடையே 65 கிலோமீட்டர் நீளத்துக்கு இரு கரையிலும் குன்றும் கோட்டையும் திராட்சைத் தோட்டமுமாக விளங்கும் பள்ளத்தாக்கு இவையெல்லாம் அவ்வழியில் உள்ளவை. இந்தப் பள்ளத்தாக்கை யுனெஸ்கோ சபை 2002-ஆம் வருஷத்தில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரித்தது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இந்தப் பிரயாணத்தில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. ஓட்டலுக்கு ஓட்டல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. ஒரே அறையில் இருந்தபடியே ஊர்கள் நம்மைத் தேடி வருகின்றன.

இரண்டாவது, காலம். வர்ணப் புத்தகங்கள் சொல்லாத ரகசியம் ஒன்று உண்டு. நதி என்பது ரயில் பாதை அன்று. அதில் தண்ணீர் ஏறும், இறங்கும். 2018 அக்டோபரில் ரைன் நதிக் கரையிலுள்ள காவுப் என்னும் ஊரின் நீர்மட்ட அளவுகோல் 25 செண்டிமீட்டருக்கு இறங்கிவிட்டது. அது நதியின் முழு ஆழம் அன்று, அளவுகோலின் கணக்குத்தான். ஆனாலும் பெரிய படகுகள் தடுமாற அது போதும். 2022 ஆகஸ்டிலும் வறட்சி வந்தது. இம்மாதிரி சமயங்களில் பிரயாணிகளைப் பஸ்ஸில் ஏற்றி அடுத்த ஊரில் கொண்டுவிடுவதும், வேறு படகுக்கு மாற்றுவதும் உண்டு. நதியைப் பார்க்கப் போனவர் நெடுஞ்சாலையைப் பார்த்துத் திரும்புவார்! வெள்ளம் அதிகமானாலும் சங்கடமே. பாலத்துக்கடியில் படகு நுழைய முடியாது. ஆகையால் கோடை முற்றும் ஆகஸ்டு முதல் அக்டோபர் வரையில் தவிர்த்து, மே, ஜூன் மாதங்களில் போவது விவேகம். மே மாதம் நம் குழந்தைகளுக்கும் விடுமுறை. எந்த மாதமானாலும், "தண்ணீர் குறைந்தால் என்ன செய்வீர்கள்? பணத்தில் எவ்வளவு திருப்பித் தருவீர்கள்?" என்று முன்பணம் கட்டும் முன்பே எழுத்து மூலம் கேட்டு வாங்கிக் கொள்ள வேண்டும்.

மூன்றாவது, படகும் அறையும். ரைன் நதியில் செல்லும் பெரிய படகுகள் 135 மீட்டர் வரை நீளமுள்ளவை. அகலமோ சுமார் பதினொன்றரை மீட்டர்தான். கீழ்த்தட்டு அறைக்குக் கட்டணம் குறைவு. ஆனால் ஜன்னல் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றே மேலே, திறக்க முடியாதபடி இருக்கும். "பிரெஞ்சு பால்கனி" என்று விளம்பரத்தில் கண்டால், நாற்காலி போட்டு உட்கார்ந்து காப்பி சாப்பிடலாம் என்று மனக்கோட்டை கட்ட வேண்டாம். அது கம்பி வைத்த கதவு மட்டுமே. படகின் பின்புறத்து அறைகளில் இயந்திரத்தின் சப்தம் கேட்கலாம். மேலும், துறையில் இடம் போதாவிட்டால் நாலைந்து படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டிவிடுவார்கள். அப்பொழுது நம் ஜன்னலைத் திறந்தால் நதி தெரியாது. அடுத்த படகில் பல் துலக்குபவர்தான் தெரிவார். அதிகப் பணம் கொடுத்து மேல்தட்டு அறை வாங்குவதை விட, மொட்டைத் தளத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதே மேல் என்பது நம் அபிப்பிராயம். தளத்துக்கு ஏற மின்தூக்கி உண்டா, அது எத்தனை தட்டு வரை போகிறது என்பதை மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று: கோட்டைகள் நிறைந்த பள்ளத்தாக்கைப் படகு பகலில் கடக்கிறதா என்று அட்டவணையில் பார்க்க வேண்டும். இரவில் கடந்தால் கொடுத்த பணத்தில் பாதி இருட்டுக்குப் போனதாகும். மேல் ரைனில் பத்து இடங்களில் அணை குறுக்கிடுகிறது. அங்கே கதவு வைத்த பெரிய தொட்டிக்குள் படகு நுழைகிறது, கதவு மூடுகிறது, தண்ணீரை விட்டு நிரப்பியதும் படகு தானே உயர்ந்து அடுத்த படிக்கு ஏறுகிறது. குழந்தைகள் இதைக் காணத் தவறக் கூடாது. கோட்டைகளைக் காட்டிலும் இதுவே அவர்கள் மனத்தில் நிற்கும்.

நான்காவது, அனுமதிச் சீட்டு முதலியவை. ரைன் பிரயாணத்தில் வரும் நெதர்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்ஸர்லாந்து நான்கும் ஷெங்கன் உடன்படிக்கையில் சேர்ந்தவை. ஆகையால் ஒரே விசா போதும். எந்த தேசத்தில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த தேசத்துக்கு மனுப் போட வேண்டும். நாட்கள் சமமாயிருந்தால் முதலில் நுழையும் தேசத்துக்கு. பிரயாணத்துக்கு ஆறு மாதம் முன்னதாகவே மனுச் செய்யலாம். சாதாரணமாகப் பதினைந்து நாளில் முடிவு சொல்வார்கள். சில சமயம் நாற்பத்தைந்து நாள் வரை இழுக்கும். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. ஆறு வயது முதல் பதினொரு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு 45 யூரோ. விசா மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்பாது. குறைந்தது 30,000 யூரோவுக்கு வைத்தியச் செலவு இன்ஷூரன்ஸ் கட்டாயம். டான்யூப் நதியில் செர்பியா வரையில் போகிறவர்கள் மட்டும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அந்த தேசம் ஷெங்கனைச் சேர்ந்தது அன்று. வெளியே போய் மறுபடி ஷெங்கனுக்குள் நுழைய, பல தடவை பிரவேசிக்கும் விசா வேண்டும்.

இன்ஷூரன்ஸ் வாங்கும்போது, முன்பே உள்ள வியாதிகளை மறைக்காமல் சொல்ல வேண்டும். இரத்த அழுத்தத்தை மறைத்துப் பத்திரம் வாங்கி, ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு, "இது எங்கள் பொறுப்பில்லை" என்று கேட்டுக்கொள்வதில் லாபமில்லை. படகு புறப்படும் நாளன்று போய் இறங்குவதும் கூடாது. விமானம் தாமதமானால் படகு காத்திராது. ஒரு நாள் முன்னதாகப் போய்த் தங்க வேண்டும். சுற்றுலாக் கட்டணத்தோடு முன்கூட்டியே வசூலிக்கும் வரிக்கு ரசீது வாங்கிப் பத்திரப்படுத்தினால், வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக் கொள்ளலாம். இதைச் சொன்னதும் நண்பரின் முகத்தில் முதல் தடவையாகப் புன்னகை தோன்றியது.

ஐந்தாவது, ஆகாரம். "சைவம்" என்று மட்டும் சொன்னால் மீன் வந்து சேரலாம். மாமிசம், மீன், முட்டை, மாமிச ரசம் எதுவும் ஆகாது என்று தெளிவாக எழுதி முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் கொண்டுபோகலாம். ஆனால் நெய் டப்பாவையும் பால்கோவாவையும் பெட்டியில் திணிக்க வேண்டாம். வெளி தேசப் பிரயாணிகள் மாமிசமும் பால் பண்டங்களும் கொண்டுவருவதை ஐரோப்பிய யூனியனில் தடுத்திருக்கிறார்கள்.

இவ்வளவும் சொல்லி முடித்ததும், "வீட்டுக்கு வந்து அவளிடமும் சொல்லும்" என்று நண்பர் நம்மை அழைத்துப் போனார். மாலையில் நசரத்பேட்டை வீட்டு மொட்டை மாடியில் பாய் விரித்து, தேசப் படத்தைப் பரப்பி உட்கார்ந்தோம். நெடுஞ்சாலையில் லாரிகள் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. தெற்கே செம்பரம்பாக்கம் ஏரியின் பக்கமிருந்து காற்று வந்தது.

நண்பரின் மனைவி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அண்ணா, ஒன்று கேட்கிறேன். அந்த ஊர் நதி எப்பொழுதுமே இப்படிச் சுத்தமாகத்தான் இருந்ததா?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில் வர்ணப் புத்தகத்தில் இல்லை. ரைன் நதி சுத்தமாக இருக்கவில்லை என்பதே உண்மை. கரை நெடுகிலும் ரசாயனத் தொழிற்சாலைகளும், நகரங்களின் சாக்கடைகளும் அதில் கலந்தன. ஐரோப்பாவின் சாக்கடை என்றே அதைப் பரிகாசம் செய்த காலம் உண்டு. ஒரு காலத்தில் ஏராளமாக இருந்த சால்மன் மீன் 1950-களுக்குள் அற்றுப்போயிற்று. 1950-இல் கரைத் தேசங்கள் சேர்ந்து நதிப் பாதுகாப்புக்கு ஒரு கமிஷன் அமைத்தன. ஆனாலும் காரியம் மெதுவாகவே நடந்தது. 1986 நவம்பர் 1-ஆம் தேதி பாசலுக்கு அருகே ஒரு ரசாயனக் கிடங்கில் தீப்பிடித்தது. அணைக்க ஊற்றிய தண்ணீரோடு விஷ மருந்துகள் நதிக்குள் பாய்ந்தன. நதி சிவந்தது. லட்சத்துக்கு மேற்பட்ட விலாங்கு மீன்கள் செத்து மிதந்தன. ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். அடுத்த வருஷமே தேசங்கள் கூடி, 2000-ஆம் வருஷத்துக்குள் சால்மன் மீன் மறுபடி ரைனில் வாழ வேண்டும் என்று லட்சியம் வகுத்தன. ஏராளமான பொருட்செலவில் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையங்கள் எழுந்தன. மீன் ஏறிச் செல்ல அணைகளில் வழி அமைக்கப்பட்டது. 1990-இல் ரைனின் உபநதி ஒன்றில் சால்மன் மீண்டும் காணப்பட்டது. இன்று நாம் பணம் கொடுத்துப் பார்க்கப் போகும் அழகு, முக்கால்வாசி மனிதர்கள் வெட்கப்பட்டுத் திருத்தியதால் வந்த அழகு.

இதைக் கேட்ட அந்த அம்மாள் எழுந்து நின்று வடக்குத் திசையைப் பார்த்தார். அந்தப் பக்கத்தில் சில மைல் தூரத்தில் ஓடுகிறது நம் கூவம் நதி. திருவிற்கோலம் என்று சம்பந்தர் பாடிய தலம் அதன் கரையில்தான் இருக்கிறது. மேற்கே அது இன்னமும் நதிதான். ஆவடியைத் தாண்டினால் அதன் கதி வேறு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2022-இல் வெளியிட்ட அறிக்கையில், ஆவடி முதல் சத்யா நகர் வரையுள்ள கூவத்தில், அழுக்கைச் சிதைக்கத் தேவைப்படும் பிராணவாயுவின் அளவு லிட்டருக்கு 345 மில்லிகிராம் என்று கண்டிருக்கிறது. ஜனங்கள் நீராடக்கூடிய தண்ணீரில் அது 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அந்த அறிக்கையின் கணக்கில் தேசத்து நதிகளில் எல்லாம் மிக மோசமான நிலை இதுவாகவே இருந்தது.

சென்னைவாசிகளுக்குப் படகுப் பிரயாணம் தெரியாது என்று நினைக்க வேண்டாம். கூவத்தையும் அடையாற்றையும் இணைத்துப் பஞ்சகாலத்தில் வெட்டிய பக்கிங்ஹாம் கால்வாயில் உப்பும் விறகும் மட்டுமா போயின? பாரதிதாசன் தோழர்களுடன் அதில் படகேறி மாமல்லபுரம் போன அனுபவத்தை 'மாவலிபுரச் செலவு' என்று பாட்டாகவே பாடியிருக்கிறார். கூவத்திலும் படகு விட்டார்கள். 1967-இல் அண்ணாதுரை முதல் மந்திரியாயிருந்தபோது சீர்திருத்த வேலை தொடங்கியது. 1973-இல் உல்லாசப் படகுகள் ஓடின. படகுத் துறைகளுக்குக் கடையெழு வள்ளல்களின் பெயர்களைச் சூட்டினார்கள். சாக்கடை நிற்கவில்லை, படகு நின்றுவிட்டது. பிற்பாடு அறுநூறு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட திட்டமும் வந்தது. கரையில் குடியிருந்த ஏழைக் குடும்பங்கள் பல பெரும்பாக்கம் முதலிய தூர இடங்களுக்குப் பெயர்க்கப்பட்டன. அவர்கள் போன பிறகும் நதி தெளியவில்லை. அழுக்கு முழுவதும் அவர்களுடையது அன்று என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

"அப்படியானால் நாங்கள் போவது தவறு என்கிறீரா?" என்று நண்பர் சற்றுச் சுருதி குறைந்து கேட்டார்.

ஒருக்காலும் இல்லை. போகத்தான் வேண்டும். 1937-ஆம் வருஷம் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஏ. கே. செட்டியாருக்கு மகாத்மா காந்தியைப் பற்றி ஒரு சினிமாப் படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் உதித்தது. நாடு நாடாக அலைந்து படச்சுருள்களைச் சேகரித்து 1940-இல் அதை வெளியிட்டார். தூர தேசத்துத் தண்ணீரில் மிதக்கும்போது சொந்த தேசத்தின் நினைவு அதிகமாகவே வரும். அந்த நினைவு ஊர் திரும்பியதும் மறைந்துவிடாதிருந்தால், பிரயாணத்துக்குக் கொடுத்த பணம் வீணாகவில்லை.

நம் தேசத்திலேயும் நீண்ட நதிப் பிரயாணம் உண்டு என்பதையும் அவருக்கு நினைவூட்டினோம். 2023 ஜனவரி 13-ஆம் தேதி காசியிலிருந்து புறப்பட்ட 'கங்கா விலாஸ்' என்னும் கப்பல், 51 நாளில் சுமார் 3,200 கிலோமீட்டர் சென்று அஸ்ஸாமின் திப்ருகரை அடைய ஏற்பாடாயிற்று. அதன் முதல் பிரயாணத்தில் ஏறியவர்கள் சுவிட்ஸர்லாந்துக்காரர்கள்! நம் நதியைப் பார்க்க அவர்கள் வருகிறார்கள். அவர்கள் நதியைப் பார்க்க நாம் போகிறோம். இதில் குற்றமில்லை. ஆனால் அவர்கள் தங்கள் நதியைத் துப்புரவு செய்துவிட்டு வருகிறார்கள்.

நண்பர் ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதிக்கொண்டார்: மே மாதம், ஆம்ஸ்டர்டாம் முதல் பாசல் வரை, நடுத்தட்டு அறை, பள்ளத்தாக்கு பகலில், விசா மனு ஜனவரியில், இன்ஷூரன்ஸ், நெய் கூடாது. எழுதி முடித்துப் பேனாவை மூடப் போனார்.

"பொறுங்கள்" என்றார் அந்த அம்மாள். "வழியில் சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற நிலையம் ஏதாவது இருந்தால், வெளியார் பார்க்க விடுவார்களா என்று எழுதிக் கேளுங்கள். கோட்டை ஒன்று குறைந்தால் பரவாயில்லை. நம் ஊரில் வந்து நாலு பேரிடம் சொல்ல வேண்டாமா?"

நண்பர் அதையும் எழுதிக்கொண்டார். அவர் போட்ட பட்டியலில் பணம் செலவாகாத இனம் அது ஒன்றுதான் என்றாலும், கடைசியில் எழுதியதை அழித்து, மேலே முதலாவதாக எழுதினார்.